கை வைக்காத கால் மணி நேரம்

என் மாமியார் சமைக்கும்போது உப்பே போடுவதில்லை. அடுப்பைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் மூடியைத் திறந்து பார்த்து, ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டுவிட்டுப் போவார்கள். சாப்பிட உட்காரும்போது உப்பு அளவாக இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் பாவம், அத்தைக்கு ஞாபக மறதி என்று நினைத்தேன். மறதியெல்லாம் இல்லை, அனுபவம்.

வாசல் கதவும் அப்படித்தான். மாமனார் பூட்டுவார். பூட்டினாரா என்று சோதிக்க என் மச்சான் போய்த் திறந்து பார்ப்பார். திறந்து பார்த்த திருப்தியில் அப்படியே வந்து படுத்துவிடுவார். இன்றுவரை எதுவும் திருடு போகவில்லை. உள்ளே வந்தால் எந்தப் பீரோவை முதலில் உடைப்பது என்று ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள் என்று திருடர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கெட்டவர்கள் இல்லை. நான் மாடியில் குடியிருக்கும் வீட்டோடு மாப்பிள்ளை, எனக்கு ஒரு தலைவலி என்றால் நாலு மாத்திரை வரும். அன்பு இருக்கிற கை சும்மா இருக்கக் கூடாது என்பது இவர்களுடைய கொள்கை. வாய்க்கும் அதே கொள்கைதான்.

இந்த அன்பில் முழுசாக மாட்டிக்கொண்டவள் என் மனைவி. வீட்டுக்குக் கடைசிப் பெண் என்பதால் பாப்பா. வயது முப்பத்தொன்பது, இன்னும் பாப்பா. அவள் “எனக்கு” என்று ஆரம்பித்தால் போதும், “பசிக்குதா” என்பார் அத்தை, “தூக்கம் வருதா” என்பார் மாமா, “எங்கயாவது கொண்டு போய் விடணுமா” என்பார் மச்சான். மூன்றில் ஒன்றை அவள் எடுத்துக்கொள்வாள், சொல்ல வந்தது நாலாவதாக இருந்தாலும். இப்படியே வளர்ந்ததில் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு யாராவது முடிப்பார்கள் என்று காத்திருப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

நான் அவளை முதலில் பார்த்ததே நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில்தான். கண் பரிசோதனைக்கு வந்தாள், குடும்பமும் வந்தது. மேலிருந்து மூன்றாவது வரியைப் படியுங்கள் என்றேன். மூன்று பேர் படித்தார்கள், அவள் வாயை மட்டும் திறந்தாள். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு எது தெளிவாக இருக்கிறது என்று கேட்டால், முதலில் போட்டதுதான் நன்றாக இருந்தது என்று அவள் அப்பா சொல்கிறார். அவர் கண்ணில் லென்ஸே இல்லை. கடைசியில் எல்லோரையும் வெளியே உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். இருட்டு அறையில் அவள் ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக, சின்னதாகச் சிரித்துக்கொண்டு படித்தாள். அந்தக் குரலுக்காகவே தேவைக்கு மேல் நாலைந்து லென்ஸ் மாற்றினேன். பிற்பாடு கல்யாணமே ஆகிவிட்டதால் அதை யாரும் தப்பு சொல்லவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். அழுதுகொண்டு வருகிறவர்கள், சண்டைக்கு வருகிறவர்கள், எங்கே போவது என்று தெரியாமல் திருதிருவென்று விழிப்பவர்கள் எல்லோரையும் அவள் சமாளித்த விதத்தை ஒரு நாள் தூர நின்று பார்த்து அசந்துபோனேன். அந்த ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். பிறகு இரண்டு இடங்களில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். இரண்டிலும் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, காத்திருந்திருக்கிறாள். அங்கே முடித்து வைக்க ஆள் ஏது.

மூன்றாவதாக விண்ணப்பித்தது ஆம்புலன்ஸ் உதவி எண்ணில், கூப்பிடுகிறவர்களிடம் பேசும் வேலைக்கு. எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு எல்லாம் தாண்டிக் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். நான் சொல்ல வந்த அந்த நாளில், மதியம் பன்னிரண்டு மணிக்கு லேப்டாப் வழியாக நேர்முகம். குறித்த நேரத்தில் திரையில் வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போகும் என்று மெயிலில் கண்டிப்பாக எழுதியிருந்தார்கள். நாற்பது வயதாகிவிட்டால் விண்ணப்பிக்கவே முடியாது, அதனால் அடுத்த வருஷம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கொஞ்ச நாளாக அவள் கண்ணாடி முன் நின்று, ஒரு வாக்கியத்தைத் தொடங்கிக் கடைசிவரை போய்விட்டு வரப் பழகிக்கொண்டிருந்தாள்.

நான் கடைக்கு லீவு போட்டிருந்தேன். காலையில் அவள் மாடியில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது, லேப்டாப்பைக் கீழே கூடத்தை ஒட்டிய அறையில் வைத்துச் சரிபார்க்கப் போனேன். மாடியில் வைஃபை தள்ளாடும், கீழேதான் சரியாக வரும். அன்று கீழேயும் வரவில்லை. கூடத்து மூலையில், செருப்பு அலமாரிக்கு மேல் இருக்கும் ரௌட்டரைப் பார்த்தேன். எப்போதும் பச்சையாக எரியும் விளக்கு மஞ்சளாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது.

அப்போது நான் செய்த முட்டாள்தனம், “நெட் இல்லையே” என்று வாய்விட்டுச் சொன்னது. இந்த வீட்டில் அப்படி ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லவே கூடாது.

சொல்லிவிட்டு, மாடியில் பாப்பாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வோம் என்று மேலே போய் அவளிடம் கொஞ்ச நேரம் சம்பந்தமில்லாத கதை பேசிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் நிலைமை முற்றியிருந்தது. ரௌட்டருக்குப் பக்கத்தில், தெருவிலிருந்து நெட் வயர் வந்து சேரும் சின்னச் சுவர்ப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. ரௌட்டரோ கொஞ்ச நேரம் உயிரோடு இருப்பதும், அணைவதும், மறுபடி கண்விழிப்பதுமாக இருந்தது. மாமா, அத்தை, மச்சான் மூவரும் ஒன்றுமே அறியாதவர்கள்போல் ஆளுக்கொரு திசையில் நின்றார்கள்.

எனக்கு இதில் ஒரு முறை உண்டு. கண் பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒரு லென்ஸைத்தான் மாற்றுவோம். இரண்டை மாற்றினால் எதனால் தெளிந்தது, எதனால் மங்கியது என்று கடவுளுக்கே தெரியாது. இதை நான் மூவருக்கும் விளக்கமாகச் சொன்னேன். மாப்பிள்ளை சொல்வதை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கொண்டே மாமா சுவிட்சை ஒரு தரம் அணைத்துப் போட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. இவர்களை நம்பினால் காரியம் ஆகாது என்று, ரௌட்டரைத் திருப்பிப் பார்த்தேன். பின்னால் ஓர் ஊசித் துளை. என் சட்டைப்பையில் எப்போதும் மூக்குக்கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் குட்டி ஸ்க்ரூடிரைவர் இருக்கும். அது அந்தத் துளைக்காகவே செய்ததுபோல் உள்ளே போனது. அழுத்திப் பிடித்தேன். எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தன, ஒன்றாக அணைந்தன, பிறகு ஒரே ஒரு விளக்கு மட்டும் திரும்பி வந்தது. நான் ரௌட்டரைப் பழையபடி வைத்துவிட்டு, மற்ற மூவரையும்போல ஒரு திசையில் போய் நின்றுகொண்டேன்.

பிறகு மாற்று ஏற்பாடுகள் ஆரம்பித்தன. எங்கள் வீடு ஒரு பெரிய கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. குளியலறை ஜன்னலோரம் மட்டும்தான் போனுக்கு சிக்னல் எட்டும். அதுவும் பேசத்தான் வரும், படம் வராது. குளியலறையிலேயே ஒரு நாற்காலி போட்டுவிடலாம், டைல்ஸ் புதுசு, பின்னணி நன்றாக இருக்கும் என்றார் மாமா. மச்சான் கார் ஓட்டக் கற்றுத் தருபவர். அவருடைய பயிற்சிக் காரில் பாப்பாவை ஏற்றி சிக்னல் உள்ள இடத்தில் நிறுத்துகிறேன், பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன், பதில் தடுமாறினால் எடுத்துக் கொடுக்கலாம் என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவர் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கையும் மிதிப்பார் என்று எனக்குத் தெரியும்.

பேச்சு உச்சத்தில் இருந்தபோது பாப்பா படி இறங்கி வந்தாள். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, வாரி முடிந்த தலை. எங்கள் முகங்களைப் பார்த்தாள், சிவப்பு விளக்கைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம்கூட இல்லை. அவள் முகம் வெளுத்தது. அடுத்த கணம் நாங்கள் நாலு பேரும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தோம். யார் என்ன சொன்னோம் என்று எங்களுக்கே கேட்கவில்லை.

அவள் செருப்பு அலமாரிக்கு முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு விரலை உயர்த்தினாள்.

“யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் யாரைக் கேக்கறேனோ அவங்க மட்டும் சொல்லுங்க.”

சத்தமே போடாமல், வரவேற்பு மேசைக் குரலில் சொன்னாள். அந்தக் குரலை ஆஸ்பத்திரிக்கு வெளியே யாரும் கேட்டதில்லை.

“அப்பா. நீங்க இதுல என்ன பண்ணீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணலை பாப்பா. சும்மா...”

“சும்மா என்ன பண்ணீங்க?”

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இயந்திரம் நின்றாலும் முதலில் கரண்ட்டைச் சந்தேகப்படுவார். ரௌட்டரின் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, அத்தையின் கால் பிடித்துவிடும் மெஷினுடைய அடாப்டரைச் செருகியிருந்தார். வாய் பொருந்தியதாம், அதற்கு மேல் அவருக்கு எந்தத் தகுதியும் தேவைப்படவில்லை. பழைய அடாப்டர் அவர் வேட்டி மடிப்பிலிருந்து வெளியே வந்தது. பாப்பா அதை மாட்டியதும் ரௌட்டர் விழுந்து விழுந்து எழுவதை நிறுத்திவிட்டு ஒழுங்காக எரிந்தது. சுவர்ப் பெட்டியில் மட்டும் சிவப்பு போகவில்லை.

“அம்மா, நீ?”

அத்தை பெரிய ஓட்டல் ஒன்றில் துணி மடிக்கும் பிரிவைக் கட்டி ஆண்டவர். மடிக்காமல் கிடக்கும் எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சுவர்ப் பெட்டிக்கு வரும் மெல்லிய மஞ்சள் வயர் தொளதொளவென்று தொங்கியதாம். அதை நாலாக மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, அழகாக அலமாரிக்குப் பின்னால் சொருகியிருந்தார். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்த வயருக்குள் ஓடுவது கண்ணாடி இழை. அதற்குள் வெளிச்சம்தான் செய்தியைக் கொண்டு வருகிறது, மடித்தால் வெளிச்சம் வெளியே சிந்திவிடும். கண்ணாடியோடு பிழைக்கிற நான் அதைக் கவனிக்காமல் ஊசித் துளையைத்தான் கவனித்திருக்கிறேன். பாப்பா ரப்பர் பேண்டை எடுத்துவிட்டு வயரை மெதுவாக நீவி விட்டாள். நல்ல வேளையாக உடையவில்லை, சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. அத்தை இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

மச்சானோ, அவள் கேட்பதற்கு முன்பே ஒப்புக்கொண்டார். சுவர்ப் பெட்டியிலிருந்து ரௌட்டருக்கு வரும் வயரைத் தனியாக இருந்த நீலத் துளையிலிருந்து எடுத்து, பக்கத்தில் காலியாக இருந்த மஞ்சள் துளைகளில் ஒன்றில் மாற்றியிருந்தார். ஒரு பாதையில் நெரிசல் என்றால் அடுத்த பாதைக்கு மாறுவதுதானே முறை என்றார். பாப்பா வயரை நீலத்துக்கே கொண்டு வந்தாள்.

பிறகு என்னைப் பார்த்தாள். மாமாவும் அத்தையும் கேள்விக்குப் பிறகுதான் சொன்னார்கள் என்பதால் நானும் கேள்விக்காகக் காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. என் சட்டைப்பையைப் பார்த்தாள்.

“ஸ்க்ரூடிரைவரைக் குடுங்க.”

கொடுத்தேன். அசடு வழிந்தது. துளையில் விட்டதையும் எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்பதையும் சொன்னேன். மாமாவின் முகத்தில் ஒரு பெரிய நிம்மதி தெரிந்தது. வயரெல்லாம் சரியான இடத்தில் இருந்தும் நெட் வராததற்கு இப்போது மாப்பிள்ளைதான் காரணம்.

அவள் போனோடு குளியலறைக்குப் போனாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்று, ஜன்னலோரமாக நெட் கம்பெனியின் சேவை எண்ணைக் கூப்பிட்டாள். நாங்கள் குளியலறை வாசலில் வரிசையாக நின்று கேட்டோம். மறுமுனையில் ஒரு பெண். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாம் தெளிவாகக் கேட்டது. காலையில் உங்கள் தெருவில் லைன் வேலை நடந்தது, கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகிவிட்டது, முந்தின நாளே மெசேஜ் அனுப்பியிருந்தோமே என்றாள் அந்தப் பெண். மெசேஜ் வந்தது மாமாவின் நம்பருக்கு. அந்தக் கம்பெனி அனுப்புவது எதுவானாலும் விளம்பரம் என்று படிக்காமலே அழிப்பவர் அவர். ஆக, நாங்கள் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பேப்பர் படித்திருந்தால் எந்தப் பிரச்சினையும் இருந்திருக்காது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

துளையில் குத்தியதில் ரௌட்டர் தன் செட்டிங் எல்லாவற்றையும் மறந்துவிட்டது, இனி எங்கள் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் திரும்ப அனுப்புவோம் என்றாள் அந்தப் பெண். கால் மணி நேரம் ஆகும். நடுவில் விளக்குகள் அணையும், எரியும், செத்துப்போனது மாதிரிகூடத் தெரியும். ஆனால் முடியும்வரை யாரும் அதைத் தொடக் கூடாது, சுவிட்சை அணைக்கவே கூடாது, அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கள் வீட்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்.

பாப்பா வாளியிலிருந்து இறங்கி வந்து எங்களைப் பார்த்தாள். மாமாவின் விரல்கள் ஏற்கெனவே துடித்துக்கொண்டிருந்தன. கொஞ்சம் யோசித்தாள்.

“அப்பா, கம்பெனி வண்டி எதாவது தெருவுக்குள்ள வருதான்னு கேட்ல நின்னு பாருங்க. வந்தா உடனே நிறுத்தணும். அது உங்களாலதான் முடியும்.”

மாமா விறைப்பாகக் கிளம்பினார். அத்தையிடம், நேர்முகத்தில் தன் பின்னால் தெரியும் திரைச்சீலை கசங்கியிருக்கிறது, கழற்றி இஸ்திரி போட்டு மடிப்பு தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும் என்றாள். மச்சானை, தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கிற வண்டிகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவர் சாலைப் பாதுகாப்பே தன் தோளில் ஏறியதுபோல் போனார்.

“நீங்க இங்கயே உக்காந்து இந்த விளக்கையே பாருங்க,” என்றாள் என்னிடம். “கண்ணை எடுக்காதீங்க. பச்சையா மாறி நின்னா எனக்குச் சொல்லணும்.”

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு எடுபிடி வேலை, எனக்கு மட்டும் பொறுப்பான வேலை. பார்வை சம்பந்தப்பட்ட விஷயம், அதற்குப் படித்தவனிடம் கொடுத்திருக்கிறாள்.

முக்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மஞ்சள் சிமிட்டியது. நின்றது. மறுபடி சிமிட்டியது. கை தன்னால் சட்டைப்பைக்குப் போனது, அங்கே ஸ்க்ரூடிரைவர் இல்லை. அறைக்குள் பாப்பா நாற்காலியில் நேராக உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி நேரம் போயிருக்கும். சட்டென்று எல்லா விளக்கும் அணைந்தன. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து மாமா கேட்டிலிருந்து வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“மாப்பிள்ளை, செத்துடுச்சு. ஒரே ஒரு தடவை சுவிட்சை அணைச்சுப் போடுங்க.”

எனக்கும் அதேதான் தோன்றியது. கை சுவிட்ச் வரை போனது. இந்தக் குடும்பத்தோடு இருந்து இருந்து நானும் இவர்களைப்போலவே ஆகிவிட்டேன் என்பது அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. கையை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். கம்பெனி வண்டி வருவதுபோல் சத்தம் கேட்கிறது மாமா என்றேன். அவர் ஓடினார்.

இருட்டாக இருந்த ரௌட்டரில் ஒரு விளக்கு எட்டிப் பார்த்தது. பிறகு இன்னொன்று. மஞ்சள் கொஞ்ச நேரம் தயங்கி, பச்சையாகி, நின்றது. சிமிட்டவே இல்லை.

“பச்சை,” என்றேன்.

ரௌட்டருக்குத் தன் பழைய வைஃபை பெயர்கூட மறந்து போயிருந்தது. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் இருந்த நீளமான பெயரையும் எண்களையும் நான் படிக்க, அவள் தட்டினாள். லேப்டாப்பில் படம் வந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. அத்தை திரைச்சீலையை மாட்டிவிட்டு வெளியே வந்தார். கதவு சாத்தப்பட்டது.

பணியில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இடத்தைவிட்டுத் திரும்பி வந்தார்கள். வண்டி வரவில்லை, ஹாரனும் அடிக்கவில்லை. நாலு பேரும் கூடத்தில் தரையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். உள்ளே ஒரு பெண்மணியின் குரல் கேட்டது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றது.

“நான் ஒரு ஆஸ்பத்திரியில...” என்று ஆரம்பித்தாள் பாப்பா.

நின்றுவிட்டாள்.

இதே இடம்தான். இரண்டு தடவை இதே இடத்தில்தான். கூடத்தில் மூன்று வாய்கள் திறந்தன. “வரவேற்பில வேலை பார்த்தா” என்று மாமாவின் உதட்டிலேயே எழுதியிருந்தது. அத்தை எட்டி அவர் வாயைப் பொத்தினார். மச்சான் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். காலால் தரையை மட்டும் ஒரு மிதி மிதித்தார், பிரேக் இருக்கும் இடத்தில். யாரும் முடித்து வைக்கவில்லை. வீட்டில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே கிடையாது.

“...வரவேற்பில இருந்தேன்,” என்றாள் பாப்பா. “அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன கேக்கணும்னே தெரியாது. அவங்க கேக்க வேண்டியதை நான் கண்டுபிடிக்கணும். அதுதான் என் வேலை.”

அதற்குப் பிறகு அவள் நிற்கவில்லை. வாக்கியம் வாக்கியமாக, அவசரமில்லாமல், கடைசிச் சொல்வரை. இருட்டறையில் எழுத்துப் படித்த அதே குரல். இத்தனை வருஷம் நான் மட்டும் கேட்டு வைத்திருந்ததை இன்று இவர்களும் கேட்டார்கள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா என்னைப் பார்த்து, இவள் இப்படிப் பேசுவாளா என்பதுபோல் புருவத்தை உயர்த்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண்மணி ஒரு கேள்வி கேட்டார். ஒருவர் விழுந்து கிடக்கிறார், வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், ஆளுக்கொன்று செய்யப் பார்க்கிறார்கள், என்ன செய்வீர்கள்?

“பயம் வந்தா யாருக்கும் கை சும்மா இருக்காது மேடம். தொடாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டாங்க. அதனால ஆளுக்கு ஒரு வேலை குடுப்பேன். ரொம்பப் பதறறவரை வாசலுக்கு அனுப்பி, வண்டி வருதான்னு பார்க்கச் சொல்வேன். எதையாவது மடிச்சு வைக்காம இருக்க முடியாதவங்க கையில ஒரு துணியைக் குடுப்பேன். சத்தம் போடறவரைத் தெருமுனைக்கு அனுப்பிடுவேன்.”

கூடத்தில் மாமாவும் அத்தையும் மச்சானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

“எல்லாம் தெரிஞ்சவர் ஒருத்தர் இருப்பார்,” என்றாள் பாப்பா. “அவர்தான் ரொம்ப ஆபத்து. எதையாவது காட்டி, இதையே பார்த்துட்டு இருங்க, கண்ணை எடுக்காதீங்கன்னு சொல்லிடுவேன்.”

நான் அப்போதும் பச்சை விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். மச்சான் சத்தம் வராமல் தரையில் சாய்ந்து குலுங்கினார்.

உள்ளேயும் சிரிப்பு. இதையெல்லாம் எந்தப் பயிற்சியில் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார் அந்தப் பெண்மணி.

“எங்க வீட்லதான் மேடம். எங்க வீட்ல எல்லாருக்கும் என் மேல ரொம்பப் பிரியம்.”

மாமா தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் செய்து கொடுத்த கண்ணாடி, அதில் அழுக்கு எதுவும் இல்லை.

கதவு திறந்தபோது நாங்கள் எழுந்து நிற்கக்கூட நேரமில்லை. தரையில் உட்கார்ந்தபடியே நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

“அவங்க என்னை...” என்றாள்.

நிறுத்தினாள். பழக்கம். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். யாரும் வாயைத் திறக்கவில்லை. மாமா இரண்டு உதடுகளையும் உள்ளே மடித்துக் கடித்திருந்தார். அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது.

“...திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க.”

அதற்குப் பிறகு வீடு பட்ட பாட்டை நான் எழுதப் போவதில்லை. ஒரு மணி நேரம் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

மதியம் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாய் எடுத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம். சாப்பாட்டில் துளி உப்பு இல்லை. அத்தை வழக்கம்போல் போடவில்லை. அன்று அடுப்பைக் கடந்து போன நாங்கள் மூன்று பேரும், தொடக் கூடாது என்று கையை அடக்கிக்கொண்டு போயிருக்கிறோம். யாரும் ஒன்றும் சொல்லாமல், பாப்பாவைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப ருசியாக இருப்பதுபோல் மென்றோம்.

பாப்பாவும் ஒரு வாய் மென்றாள். எழுந்து போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள்.

“போதும், பழையபடி இருங்க,” என்றாள்.

ஐந்து கைகள் ஒன்றாகக் கிண்ணத்துக்குப் போயின.